மாங்கொட்டையும் மூன்று தவணையும்

சேலையூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மணி என்று ஒரு பிராணி வாசம் செய்கிறது. அதை நாய் என்று சொன்னால் அதற்குக் கோபம் வராது. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு வந்துவிடும். ஒரு மழைக் காலத்தில், யாரும் அழைக்காமலே, நனைந்து கொண்டு தானாக வந்து சேர்ந்த ஜீவன் அது. ஐந்து வருஷமாக அதற்காக நாங்கள் செய்த செலவெல்லாம் மிஞ்சிய சோறும், வருஷத்துக்கு ஒரு தரம் வெறிநோய்த் தடுப்பு ஊசியுந்தான். ஆகவே, நாய் வளர்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை என்று ஓர் அபிப்பிராயம் எனக்கு ஏற்பட்டிருந்தது. சென்ற வைகாசி மாதத்தில் ஒரு மாங்கொட்டை அந்த அபிப்பிராயத்தை அடியோடு மாற்றிவிட்டது.

பங்கனபள்ளிப் பழத்தின் கொட்டையை யாரோ சப்பி எறிந்திருக்கிறார்கள். மணி அதை முழுசாக விழுங்கிவிட்டது. இரண்டு நாள் வாந்தி. மூன்றாம் நாள் குடித்த தண்ணீரும் தங்கவில்லை. இரவு பத்து மணிக்கு ஆட்டோவில் போட்டுக் கொண்டு ஒரு தனியார் பிராணி வைத்தியசாலைக்கு ஓடினோம். டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தார். "கொட்டை சிறுகுடலில் சிக்கியிருக்கிறது, சார். விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடும்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, மொத்தச் செலவு இருபத்தெட்டாயிரம் ரூபாய் ஆகுமென்றும், பாதியை முன்பணமாகக் கட்டவேண்டுமென்றும் தெரிவித்தார்.

மாதக் கடைசி. என் கையில் இருந்தது நாலாயிரம் ரூபாய். குழந்தைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மணியின் முகத்தைப் பார்த்தேன். மணி டாக்டரின் முகத்தைப் பார்த்தது. இந்தப் பார்வைப் பரிவர்த்தனையின் முடிவில் டாக்டர், "இருப்பதைக் கட்டுங்கள், சார். மீதியை மூன்று மாதத்தில் மூன்று தவணையாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார்.

மணி பிழைத்தது. மூன்றாவது தவணையைக் கட்டப் போன அன்று டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "எல்லோருக்கும் இப்படித் தவணை கொடுக்கிறீர்களா?"

அவர் சிரித்தார். "கொடுக்காவிட்டால், 'வீட்டுக்கே கொண்டு போய்விடுகிறோம்' என்று சொல்லிப் பிராணியைத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். அது என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொடுத்தாலோ, சிலர் அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. கட்டிட வாடகைக்கும் மருந்துக்கும் எனக்கு யாரும் தவணை கொடுப்பதில்லையே, சார்!" என்றார்.

வைத்தியருக்கும் வயிறு உண்டு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மனிதனுக்கு நோய் வந்தால் சர்க்கார் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உத்தியோகம் பார்க்கும் கம்பெனி கொடுக்கும் காப்பீடு இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் வரும் செலவோ முழுவதும் ஒரே இரவில் ஒரே சட்டைப் பையிலிருந்து வரவேண்டியதாக இருக்கிறது. அந்தப் பை காலியானால், டாக்டர் கடன்காரராக வேண்டும். இல்லையேல் பிராணி சாகவேண்டும். இந்தச் சங்கடத்துக்கு வழி என்ன என்று யோசித்துக் கொண்டிருந்தபோதுதான், எங்கள் வீட்டுக்குப் பால் கொடுக்கும் அம்மாளின் விஷயம் தெரியவந்தது.

அவர் மாடம்பாக்கத்துப் பக்கம் இரண்டு கறவை மாடுகள் வைத்திருந்தவர். ஒரு வாரம் பால் வரவில்லை. எட்டாம் நாள் வந்தவர் பால் செம்பை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டதாம். இடது விலாப் பக்கம் உப்பிக்கொண்டே வந்ததாம். யாரோ ஒருவர் வந்து மூன்று நாள் ஊசி போட்டார். பணம் வாங்கிக் கொண்டார். அந்தப் பணத்துக்காக அம்மாள் தண்டல் எடுத்தார். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்று பெயர். கைக்கு வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வட்டி வருஷத்துக்கு நூறு சதவிகிதத்துக்கும் மேல் போகிறது. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றின் பெயரைச் சொல்லியே தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். ஆனால் மாடு உப்பிக்கொண்டு கிடக்கிற வீட்டில் சட்டப் புத்தகத்தை யார் புரட்டுகிறார்கள்?

கடைசியில் சர்க்கார் மிருக வைத்தியர் வந்து பார்த்தபோது, வயிற்றில் பிளாஸ்டிக் அடைத்துக் கொண்டிருப்பது தெரிந்தது. விலாவைத் திறந்து எடுக்கலாம்; ஆனால் காலம் கடந்துவிட்டது. மாடு போய்விட்டது. காதில் போட்ட வில்லை பத்திரமாக இருந்தபடியால் காப்பீட்டுத் தொகை மட்டும் கிடைக்கும் என்றார்கள்.

அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு கேட்டார்: "செத்த மாட்டுக்குக் குடுக்கிறவங்க, அது பிழைக்கிறதுக்குக் குடுக்கக் கூடாதாங்க ஐயா?"

இந்த வாரம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. நமது மாட்டுக் காப்பீட்டில் இறந்தால் மட்டுமே பொன். தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். காப்பீட்டுக் கட்டணத்தில் மாடு வைத்திருப்பவரின் பங்கை 15 சதவிகிதமாகக் குறைத்தார்கள். பாக்கி 85 சதவிகிதத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் பகிர்ந்து கொள்கின்றன. ஏழைக்கு இது பெரிய ஒத்தாசை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காப்பீடு மாட்டின் மரணத்துக்காக ஏற்பட்டது. மருந்துச் செலவுக்கும் ரண சிகிச்சைக்கும் அதிலிருந்து பணம் வராது. மாடு பிழைத்தால் முழுச் செலவும் உடையவர் தலையில். மாடு செத்தால் கம்பெனி பணம் கொடுக்கும். கறவை மாட்டை உயிராய் மதிக்கிறவர்கள் நம் ஜனங்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு கொஞ்சம் தலைகீழாகத் தோன்றவில்லையா?

இனி, தவணை விஷயத்துக்கு வருவோம். தவணையில் இரண்டு ஜாதி உண்டு. நோய் வந்த பிறகு கட்டும் தவணை ஒன்று. அதற்குக் கடன் என்று பெயர். நோய் வருமுன்னே கட்டும் தவணை மற்றொன்று; அது உண்டியலாகவும் இருக்கலாம், சீட்டாகவும் இருக்கலாம், காப்பீடாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் மாதா மாதம் சிறு தொகைதான். ஆனால் முதலாவதில் அவசரம் நம் கழுத்தைப் பிடித்துக் கொண்டிருக்கும்போது பேரம் நடக்கிறது. இரண்டாவதில் நாம் நிதானமாக உட்கார்ந்து யோசிக்கிறோம்.

கடன் தவணையில் என் டாக்டர் கொடுத்தது உத்தமமானது. வட்டி இல்லை, இடையில் தரகர் இல்லை, எழுத்தில் இருக்கிறது. எல்லாக் கடனும் இப்படி அமையாது. இப்போது செல்போனிலேயே ஐந்து நிமிஷத்தில் கடன் கொடுக்கிறார்கள். கிரெடிட் கார்டில் "வட்டியில்லாத் தவணை" என்று அழைக்கிறார்கள். கிரெடிட் கார்டுப் பாக்கியில் பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது, வட்டியைப் பரிசீலனைக் கட்டணம் என்ற வேறு பெயரில் மறைத்து வாங்குகிறார்கள் என்று ரிசர்வ் பாங்கியே 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் பாங்கிகளுக்கு எடுத்துரைத்தது. அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. அங்கே பல் வைத்தியத்துக்கும் பிராணி வைத்தியத்துக்கும் தவணைக் கடன் கொடுக்கும் கேர்கிரெடிட் என்ற கம்பெனியை, 3 கோடியே 41 லட்சம் டாலர் வரையில் வாடிக்கைக்காரர்களுக்குத் திருப்பித் தரும்படி அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது. குறித்த மாதங்களுக்குள் முழுவதும் கட்டினால் வட்டி கிடையாது. கொஞ்சம் பாக்கி நின்றாலும் முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும். இந்த இரண்டாம் பாதியைக் கையெழுத்து வாங்கும்போது சரிவரச் சொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டு.

மடியில் நோயுற்ற பிராணியை வைத்துக் கொண்டிருப்பவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆகவே, தவணை எடுத்தே தீரவேண்டியிருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, டாக்டரிடமே தவணை கேளுங்கள், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாக எழுதிய மதிப்பீடு வாங்குங்கள். இன்றே செய்யவேண்டியது எது, ஒரு வாரம் பொறுக்கக் கூடியது எது என்று விசாரியுங்கள். பிராணி வைத்தியசாலையின் சிகிச்சைக்கு 2017 முதல் ஜி.எஸ்.டி. வரி விலக்கு உண்டு என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். இரண்டாவது, செல்போன் கடனானால், மொத்த வட்டி வருஷத்துக்கு எத்தனை சதவிகிதம் என்று காட்டும் விவர அறிக்கையைக் கொடுக்கவேண்டுமென்று ரிசர்வ் பாங்கி 2022-இல் விதித்திருக்கிறது. அதை வாங்கிப் படிக்காமல் பொத்தானை அமுக்கவேண்டாம்.

மாடு வைத்திருப்பவர்களுக்குத் தண்டலைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அது அநேகருக்குத் தெரியாது. விவசாயிகளுக்கான கிஸான் கடன் அட்டையை 2018-19 வரவு செலவுத் திட்டத்தில் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவு செய்தார்கள். தீவனத்துக்கும் மிருக வைத்தியத்துக்கும் இதில் கடன் கிடைக்கும். வட்டி 7 சதவிகிதம். நாள் தவறாமல் கட்டினால் 4 சதவிகிதம். நூறு சதவிகிதத்துக்கும் நாலு சதவிகிதத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பாங்கி மனுவும் கொஞ்ச நாள் காத்திருப்புந்தான். ஆனால் மாடு உப்பிய பிறகு மனுப் போட்டால் பிரயோஜனமில்லை. மாடு நன்றாக அசை போட்டுக் கொண்டிருக்கும் போதே அட்டை கைக்கு வந்திருக்க வேண்டும்.

தவணையே வேண்டாத இடங்களும் உண்டு. சர்க்கார் கால்நடை மருந்தகங்களில் ஆடு மாடுகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை நடக்கிறது. 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடைகளுக்கான வைத்திய வண்டி கொட்டிலைத் தேடி வருகிறது. தெற்கே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வடக்கே கிண்டியில், 1959-இல் கேப்டன் சுந்தரம் தம்பதிகள் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம் ஆதரவற்ற பிராணிகளுக்கு உதவி வருகிறது. வேப்பேரியிலோ, 1903-ஆம் ஆண்டில் 20 மாணவர்களோடு ஆரம்பமான சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தேசத்திலேயே முதன்முதலாக 1936-இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மிருக வைத்தியத்தில் பட்டம் வழங்கிய பெருமை அதற்கு உண்டு. அதன் ஆஸ்பத்திரியில் தனியார் செலவில் ஒரு பகுதிக்கே பெரிய சிகிச்சைகள் நடக்கின்றன.

ஆனால் தாம்பரத்திலிருந்து வேப்பேரி சுமார் 25 கிலோமீட்டர். மின்சார ரயிலில் மனிதன் போகலாம்; மாடு போக முடியாது. இரவு பத்து மணிக்கு ஆட்டோக்காரர் கேட்கும் தொகையே ஒரு தவணை ஆகிவிடுகிறது. அதனால்தான் தென் புறநகர்வாசிகள், வைத்தியம் மலிவாக இருக்கும் இடத்தை அறிந்தும், அருகில் இருக்கும் இடத்துக்கு ஓடுகிறார்கள். தூரமும் ஒரு கட்டணம்.

இனி, முன்கூட்டிக் கட்டும் தவணையைப் பார்ப்போம். ஸ்வீடன் தேசத்தில் 1924-ஆம் ஆண்டிலேயே ஒரு நாய்க்குக் காப்பீடு எழுதினார்கள். இன்று அந்த நாட்டில் பெரும்பாலான நாய்களுக்குக் காப்பீடு உண்டு. அங்கே தவணை பேசும் அவசியம் வைத்தியசாலை வாசலில் அதிகம் ஏற்படுவதில்லை. அது வீட்டிலேயே, நாய்க்குட்டி வந்த முதல் மாதத்திலேயே பேசி முடிந்துவிடுகிறது. நம் நாட்டிலும் சில கம்பெனிகள் நாய்க் காப்பீடு கொடுக்கின்றன. சேருமுன் வயது வரம்பு, காத்திருக்கும் காலம், முன்பே இருந்த நோய்க்கு விலக்கு ஆகிய மூன்றையும் பார்த்துக் கொள்ளவேண்டும்.

காப்பீடு வேண்டாமென்றால் உண்டியல் இருக்கிறது. மணியின் பெயரில் எங்கள் வீட்டில் இப்போது மாதம் முந்நூறு ரூபாய் தனியாகப் போகிறது. வருஷத்துக்கு 3,600, எட்டு வருஷத்தில் 28,800. அதாவது, மணி வந்த அன்றைக்கே ஆரம்பித்திருந்தால் அந்த வைகாசி இரவில் 18,000 ரூபாய் கையில் இருந்திருக்கும். முன்பணத்தைக் கட்டிய பிறகும் மீதி இருந்திருக்கும். குழந்தைகள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அந்த முந்நூறிலிருந்தே தடுப்பு ஊசிகளும் நடக்கின்றன. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரையில் குறித்த இடைவெளியில் ஊசி போட்டுவிட்டால், இரத்தமாக பேதி போகும் பார்வோ நோய்க்குப் பல நாள் சலைன் ஏற்றும் செலவு பெரும்பாலும் மிச்சமாகும். குட்டி வேண்டாத பெண் நாய்க்கு உரிய காலத்தில் கருத்தடை செய்துவிட்டால், பின்னாளில் கருப்பையில் சீழ் கட்டி நள்ளிரவில் ஆபரேஷன் செய்யும் அவசியம் இராது. மாங்கொட்டையை மூடியுள்ள கூடையில் போட்டால் ஒரு காசும் செலவில்லை.

இவ்வளவும் நடுத்தரக் குடும்பங்களுக்குச் சொன்னேன். பால்கார அம்மாளுக்கு உண்டியல் யோசனை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தண்டல்காரருக்குத் தினம் நூறு கட்டுகிறவரிடம் சேமிப்பைப் பற்றி உபதேசம் செய்வது அழகாகாது. ஏழைக்கு வேண்டியது தனி உண்டியல் அன்று, பொது உண்டியல். 1917-இல், உலக யுத்தத்தின் நடுவே, லண்டன் ஒயிட்சாப்பலில் ஒரு நிலவறையில் மரியா டிக்கின் என்ற அம்மையார் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியசாலை திறந்தார். அந்த ஸ்தாபனம் நன்கொடைகளைக் கொண்டே ஒரு நூற்றாண்டைக் கடந்து நடந்து வருகிறது. ஆயிரம் பேர் சிறுகக் கட்டும் தவணை, ஒருவருக்குச் சமயத்தில் உதவுகிறது.

தாம்பரத்தில் அது ஏன் நடக்கக்கூடாது? ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி 2021 நவம்பரில் மாநகராட்சியான ஊர் இது. தெருவுக்குத் தெரு குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. நூறு வீடுகள் மாதம் ஐம்பது ரூபாய் போட்டால் வருஷத்துக்கு அறுபதாயிரம் சேரும். வரவு செலவை மாதந்தோறும் பலகையில் எழுதிப் போடட்டும். பகுதியிலுள்ள டாக்டர்களோடு முன்கூட்டியே பேசி, சங்கம் ஜாமீன் நிற்கட்டும். உடையவர் வட்டியில்லாமல் சங்கத்துக்குத் தவணை கட்டட்டும். டாக்டருக்கும் பணம் வராதோ என்ற கவலை இராது. ஏலம், பரிசு என்று எதையும் நுழைத்துவிடாமல் இருப்பது முக்கியம். சீட்டு நடத்துவதானால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியும் பதிவும் வேண்டும். கூடவே, இரவு நேரத்தில் சர்க்கார் மிருக வைத்தியர் தாம்பரத்திலேயே கிடைக்கும் ஏற்பாட்டை உறுதிப்படுத்தும்படி மாநகராட்சியும் சட்டசபை அங்கத்தினர்களும் வற்புறுத்தட்டும். மாட்டுக் காப்பீட்டில் சிகிச்சைச் செலவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கவேண்டுமென்று பால் கூட்டுறவுச் சங்கங்கள் கேட்கட்டும்.

"பிறர் மாட்டுக்கு நாம் ஏன் ஐம்பது ரூபாய் கொடுக்கவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் சொல்கிறேன்.

அந்த மாட்டின் வயிற்றில் இருந்தது என்ன? சாப்பாடு கட்டிய பை, காய்கறி வாங்கிய பை, பால் பை. ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். ஆனாலும் மீந்த சாதத்தைப் பையில் கட்டித் தெருமுனையில் எறியும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. மாட்டுக்குப் பையை அவிழ்க்கத் தெரியாது, பையோடு தின்கிறது. காலையில் அதன் பாலை நாம் குடிக்கிறோம். மாலையில் நம் குப்பையை அது தின்கிறது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது, மனுநீதிச் சோழன் அது யார் வீட்டுப் பசு என்று கேட்டதாகக் கதை இல்லை; தேர் யாருடையது என்றே பார்த்தான். நம் தெருவில் ஓடும் தேர் பிளாஸ்டிக் பை. அதை ஓட்டியவர்கள் நாம் எல்லோரும். ஆகையால் அந்த ஐம்பது ரூபாய் தர்மம் அல்ல; நாம் பட்டிருக்கும் கடனுக்கு ஒரு தவணை.

பால்கார அம்மாள் இப்போது ஒரே மாட்டை வைத்துக் கொண்டு பால் ஊற்றுகிறார். தண்டல் இன்னும் நாற்பது நாள் பாக்கி இருக்கிறதாம். வாசலுக்கு வரும்போது மணி வாலை ஆட்டிக் கொண்டு எழுந்து நிற்கிறது. "உனக்கு மூணு தவணை கிடைச்சுதுடா ராஜா" என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் குரலில் பொறாமை இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.